நோயுற்ற இமாமைப் பின்பற்றித் தொழலாமா?

ஒரு பள்ளிவாசலை மனக்கண்முன் நிறுத்திக் கொள்வோம். இருபது ஆண்டுகளாக அங்கே ஐங்காலத் தொழுகையையும் முன்னின்று நடத்தி வருகிறார் ஒரு பெரியவர். இனிய குரல், பிழையற்ற ஓதல். ஊரில் பிறந்த குழந்தைகளின் காதில் பாங்கு சொன்னவரும் அவரே. இறந்தோருக்குத் தொழுகை நடத்தியவரும் அவரே. அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் அவருக்கு ஒரு நோய் வருகிறது. சிறுநீரை அடக்க முடியவில்லை. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் துளித்துளியாகக் கசிகிறது. வெளியில் சொல்ல நாணம்; சொல்லாமல் தொழுகை நடத்தவோ அச்சம். "என் தொழுகை கூடுகிறதா? கூடினாலும், என் பின்னால் நிற்கும் நூறு பேரின் தொழுகைக்கு நான் பொறுப்பாளி அல்லவா?" என்று அவர் உள்ளம் இரவெல்லாம் அலைகிறது.

இது கற்பனையில் அமைத்த காட்சியே. ஆயினும் இத்தகைய நிலை எந்த ஊரிலும் எந்தப் பள்ளியிலும் நேரக்கூடியது. முதுமை, நீரிழிவு, விந்துப்பை அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம், அச்சுரப்பியில் செய்யும் அறுவை, முதுகுத்தண்டில் ஏற்படும் காயம் முதலிய பல காரணங்களால் இந்நோய் வருகின்றது. ஓயாது வாயு பிரியும் நோயும், மூலத்திலிருந்து இடையறாது குருதி கசியும் நோயும் இதே வகையைச் சேர்ந்தவை. இத்தகைய நோயாளர் பிறருக்கு முன்னின்று தொழுகை நடத்தலாமா என்பது புதிய வினா அன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதனை எடுத்து ஆராய்ந்துள்ளனர். அவர்கள் ஒரே விடையைக் கூறவில்லை. ஏன் வேறுபட்டனர் என்பதை அறிந்தால், வேறுபாட்டின் இரு கரைகளிலும் நியாயம் இருப்பது விளங்கும்.

தூய்மையும் தொடக்கும்

தொழுகைக்குத் தூய்மை இன்றியமையாதது. அத்தூய்மை இருவகைப்படும். உடல், உடை, தொழும் இடம் ஆகியவற்றில் நஜீசு எனப்படும் அசுத்தம் இல்லாதிருத்தல் ஒன்று. தொடக்கு நீங்கியிருத்தல் மற்றொன்று. சிறுநீர், மலம், வாயு ஆகியவை வெளிப்பட்டால் சிறுதொடக்கு ஏற்படும். உளுச் செய்தால் அது நீங்கும். சிறுநீர் இவ்விரு வகையிலும் குறுக்கிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது வெளிப்படுவதால் உளு முறிகிறது. உடையில் படுவதால் அசுத்தமும் சேர்கிறது.

உடல்நலம் உள்ளவருக்கு இதில் இடர்ப்பாடு இல்லை. முறிந்த உளுவை மீண்டும் செய்துகொள்ளலாம். ஓயாது கசிவு உள்ளவர் நிலை அப்படியன்று. உளுச் செய்து முடிப்பதற்குள் அது முறிந்து விடுகிறது. மறுபடி செய்தால் மறுபடி முறிகிறது. தூய்மை பெற்றால்தான் தொழலாம் என்ற விதியைச் சொல்லளவில் பிடித்துக் கொண்டால், அவர் தம் வாழ்நாள் முழுவதும் தொழவே இயலாது. அவ்வாறு எந்த அறிஞரும் கூறவில்லை. எவரையும் அவர் ஆற்றலுக்கு மேல் இறைவன் வருத்துவதில்லை என்பதும், மார்க்கத்தில் இடுக்கண் ஏற்படுத்தப்படவில்லை என்பதும் திருக்குர்ஆனின் அடிப்படைக் கருத்துகள். அவற்றின்மேல் எழுந்ததே இந்தச் சட்டப் பகுதி முழுவதும்.

முன்னோர் வாழ்வில் கண்ட சான்றுகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே இவ்வினா எழுந்தது. கேட்டவர் ஒரு பெண்மணி. பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) என்பவருக்கு மாதவிடாய் நாட்களுக்கு அப்பாலும் உதிரப்போக்கு நிற்கவில்லை. தாம் தொழுகையை விட்டுவிடலாமா என்று அவர் வினவினார். அது ஒரு நரம்பிலிருந்து வரும் குருதியே அன்றி மாதவிடாய் அன்று. மாதவிடாய் நாட்கள் கழிந்தபின் குருதியைக் கழுவிவிட்டுத் தொழ வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. ஒவ்வொரு தொழுகைக்கும் உளுச் செய்துகொள்ளும்படியும் அவருக்குக் கூறப்பட்டது. ஓயாத சிறுநீர்க் கசிவு, வாயு, குருதி ஆகிய அனைத்துக்கும் அறிஞர்கள் இந்நிகழ்ச்சியையே அடிப்படையாகக் கொண்டனர்.

உதிரப்போக்கு உள்ள நிலையிலேயே நாயகத்தின் துணைவியருள் ஒருவர் பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்தார் என்றும், பள்ளி அசுத்தமாகாதிருக்க ஒரு தட்டு வைக்கப்பட்டது என்றும் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆதலின், பள்ளியை அசுத்தப்படுத்தும் அச்சம் இல்லாத வரையில், இத்தகைய நோயாளர் பள்ளிக்குள் வருவதற்குத் தடையில்லை என்பது தெளிவு.

கி.பி. 644-ஆம் ஆண்டில் மதீனாப் பள்ளியில் வைகறைத் தொழுகையின்போது கலீபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். காயத்திலிருந்து குருதி பெருகிக் கொண்டிருந்த நிலையிலும் அவர்கள் தொழுகையை விடவில்லை. திருக்குர்ஆனைத் தொகுத்தளித்த பெருமைக்குரிய ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்கு முதுமையில் சிறுநீர் அடங்காத நோய் வந்தது. இயன்ற அளவு அவர் அதனைத் தடுத்துப் பார்த்தார்; தம்மை மீறியபோது உளுச் செய்து தொழுது கொண்டார். இந்நோய் இழிவுக்குரியது என்று எண்ணி மறுகுவோர் இப்பெரியாரின் பெயரை நினைவிற் கொள்வது நலம்.

எவருக்கு இச்சலுகை?

இடையறாத தொடக்குடையவரை ஹனபிச் சட்ட நூல்கள் மஃதூர் என்று அழைக்கின்றன. காரணமுடையவர் என்பது அதன் பொருள். இச்சொல்லுக்கு அவை நுட்பமான எல்லை வகுத்துள்ளன. ஒரு தொழுகையின் வக்து முழுவதிலும், உளுச் செய்து பர்ளைத் தொழும் அளவுக்குக்கூட ஓய்வு கிடைக்காமல் கசிவு நீடித்தால் ஒருவர் மஃதூர் ஆகிறார். அதன்பின் ஒவ்வொரு வக்திலும் ஒரு முறையேனும் அது தோன்றிக் கொண்டிருந்தால் அந்நிலை தொடரும். ஒரு முழு வக்து அறவே கசிவின்றிக் கழிந்தால் அந்நிலை நீங்கும். ஷாபி மரபிலும், தூய்மையுடன் தொழுது முடிக்கும் அளவுக்கு ஓய்வு கிடைக்கும் என்று வழக்கத்தால் அறிந்தவர், அந்த ஓய்வு நேரத்தை எதிர்நோக்கியிருந்து தொழ வேண்டும்.

இவ்வெல்லை ஏன் முக்கியம்? தம்மை நோயாளர் என்று கருதுவோரிற் பலர் இதற்குள் அடங்கமாட்டார்கள். சிறுநீர் கழித்தபின் சில நிமிடங்கள் வரை ஓரிரு துளி சொட்டி, பின்பு நின்று விடுவது பலருக்கு உண்டு. அவர்கள் மஃதூர்கள் அல்லர். தொழுகைக்குச் சற்று முன்னதாகவே சென்று வந்து, சொட்டு நின்றபின் உளுச் செய்தால் அவர்கள் மற்றவர்களைப் போலவே ஆகிவிடுகிறார்கள். அத்தகைய இமாம் முன்னிற்பதில் எந்த மரபிலும் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

இன்னொரு சாராரும் உளர். கசிந்ததோ இல்லையோ என்ற ஐயமே அவர்களுடைய நோய். உறுதி ஐயத்தால் நீங்காது என்பது சட்டத்தின் தலையாய விதிகளுள் ஒன்று. உளுச் செய்தது உறுதி, முறிந்தது ஐயம். உறுதியே நிற்கும். தொழுகையில் ஏதோ நிகழ்ந்தது போலத் தோன்றினால், ஓசை கேட்கும் வரை அல்லது நாற்றம் உணரும் வரை தொழுகையை விட்டு நீங்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் இக்கருத்தினாலேயே. ஆகவே, முன்னிற்கலாமா என்று கேட்பதற்கு முன், உண்மையில் நோய் உண்டா என்று அறிந்து கொள்வதே முதற்படி.

அவர் தமக்காகத் தொழும் முறை

ஷாபி மரபின்படி, இத்தகையவர் வக்து வந்தபின்னரே உளுச் செய்ய வேண்டும். முதலில் கழுவிச் சுத்தம் செய்து, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டிக்கொண்டு, இடைவெளியின்றி உளுச் செய்து, தாமதியாமல் தொழ வேண்டும். தொழுகைக்காகவே ஏற்படும் தாமதம் குற்றமன்று. பாங்குக்கு விடை கூறுவதும், ஜமாஅத்தை எதிர்நோக்குவதும் அத்தகையவை. ஓர் உளுவைக் கொண்டு ஒரு பர்ளை மட்டுமே தொழலாம். நபில் தொழுகைகளை விரும்பிய அளவு தொழலாம். தொடக்கை நீக்குவதாக நிய்யத்து வைக்காமல், தொழுகையை ஆகுமாக்கிக் கொள்வதாக நிய்யத்து வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் கூறும் நுட்பம். நீங்காத ஒன்றை நீக்குவதாக எண்ணுவது எங்ஙனம்?

ஹனபி மரபில் ஓர் உளு அந்த வக்து முழுவதற்கும் போதும். அதற்குள் பர்ளு, களா, நபில் எதனையும் தொழலாம். வக்து கழிந்ததும் அந்த உளு முறிந்து விடும். ஹன்பலீ மரபும் ஒவ்வொரு வக்துக்கும் உளுச் செய்யும்படி கூறுகிறது. மாலிக்கீ மரபில், வக்தின் பாதிக்குக் குறையாமல் நீடிக்கும் கசிவு உளுவையே முறிப்பதில்லை.

வழி வேறாயினும் நான்கு மரபுகளும் ஒன்றில் உடன்படுகின்றன. விதித்தபடி நடந்துகொண்ட நோயாளரின் தொழுகை நிறைவான தொழுகையே. அவர் அதனைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. தனியே தொழுதாலும், வேறோர் இமாமின் பின் நின்று தொழுதாலும், அவர் தொழுகைக்குக் குறைவில்லை. சிக்கல் அவர் முன்னே செல்லும்போதுதான் தொடங்குகிறது.

முன்னிற்றலில் இரு கருத்துகள்

ஷாபி மரபில் சரியான கருத்து, நலமுள்ளவர் இத்தகையவரைப் பின்பற்றித் தொழலாம் என்பதே. கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் நூல் இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. மாலிக்கீ மரபும் தொழுகை கூடும் என்றே சொல்கிறது. எனினும் நலமுள்ளவருக்கு அவர் முன்னிற்பதை விரும்பத்தகாததாகக் கருதுகிறது.

ஹனபி மரபு கூடாது என்கிறது. கி.பி. 1197-இல் மறைந்த மர்ஙீனானீ அவர்களின் 'ஹிதாயா' இதனைச் சொல்லும் நூல்களுள் ஒன்று. மஃதூர் தம்மைப்போல் அதே நோயுடையவருக்கு இமாமாக நிற்கலாம், நலமுள்ளவருக்கு நிற்கலாகாது. ஹன்பலீ மரபும் இவ்வழியையே பின்பற்றுகிறது.

இவ்விரு கருத்துகளும் எங்கே பிரிகின்றன? நோயாளரை மதிப்பதிலோ இகழ்வதிலோ அன்று. இமாமுக்கும் பின்நிற்பவருக்கும் இடையே உள்ள உறவு யாது என்ற அடிப்படையிலேயே அவை பிரிகின்றன.

இமாம் பொறுப்பாளர் என்பது நபிமொழி. ஹனபி அறிஞர்கள் இதனை ஆழ்ந்து எடுத்துக் கொண்டனர். பின்நிற்பவரின் தொழுகை இமாமின் தொழுகைக்குள் அடங்கியிருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. ஒரு கலம் தன் அளவுக்குச் சமமானதையும் குறைந்ததையும் கொள்ளும். தன்னினும் மிகுந்ததைக் கொள்ளாது. மஃதூரின் தொழுகை தேவை கருதிச் செல்லத்தக்கதாக ஆக்கப்பட்டது. தொடக்கு உண்மையில் இருந்துகொண்டே இருக்க, சட்டம் அதனைப் பொறுத்துக் கொள்கிறது. அந்தத் தேவை அவருக்கு உண்டு. பின்நிற்கும் நலமுள்ளவருக்கு இல்லை. ஆகவே தேவையற்றவரின் வலிய தொழுகை, தேவையால் நிற்கும் தொழுகைக்குள் அடங்காது என்பது அவர்கள் வாதம்.

ஷாபி அறிஞர்கள் இவ்வுறவை வேறு விதமாகக் கண்டனர். ஒவ்வொருவரும் தத்தம் தொழுகையைத் தொழுகின்றனர், பின்நிற்பவர் இமாமின் அசைவைப் பின்பற்றுகிறார், அவ்வளவே. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இமாமின் தொழுகை முறையானதா, திருப்பித் தொழ வேண்டாததா? ஆம் எனில் அவரைப் பின்பற்றலாம். நீரும் மண்ணும் கிடைக்காமல் வக்தின் மதிப்புக்காகத் தொழுது, பின்னர் திருப்பித் தொழும் கடமையுடையவரைப் பின்பற்றலாகாது என்று அவர்களே கூறுவதும் இதே அளவுகோலைக் கொண்டுதான். இடையறாத தொடக்குடையவர் திருப்பித் தொழ வேண்டியதில்லை. ஆதலின் அவர் முன்னிற்கலாம்.

இவ்வளவுகோல்கள் வேறு நிகழ்ச்சிகளிலும் தொழிற்படுவதைக் காணலாம். இமாம் உளுவின்றித் தொழுதது தொழுகை முடிந்தபின் தெரிய வந்தால், ஷாபி மரபில் இமாம் மட்டும் திருப்பித் தொழ வேண்டும்; அறியாமல் பின்நின்றவர்களின் தொழுகை கூடிவிட்டது. ஹனபி மரபில் அனைவரும் திருப்பித் தொழ வேண்டும். ஒரே வேரிலிருந்து எழுந்த இரு கிளைகள் எத்துணை ஒழுங்காக வளர்ந்துள்ளன என்பது நோக்கத்தக்கது.

தயம்முமும் உட்கார்ந்து தொழுதலும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். கி.பி. 629-இல் தாதுஸ் ஸலாசில் என்னும் படையெடுப்பின்போது அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கு இடர் நேரும் என்று அஞ்சித் தயம்மும் செய்து, தம் தோழர்களுக்கு வைகறைத் தொழுகையை முன்னின்று நடத்தினார் என்பது ஓர் அறிவிப்பு. செய்தி நாயகத்துக்கு (ஸல்) எட்டியது. அம்ரு தம் காரணத்தைக் கூறக் கேட்டு நாயகம் சிரித்தார்கள். கடிந்து ஒன்றும் கூறவில்லை. நீரால் தூய்மை பெற்றோருக்குத் தயம்மும் செய்தவர் முன்னிற்கலாமெனில், நோயாளர் மட்டும் ஏன் நிற்கலாகாது?

இவ்வினாவுக்கு ஹனபி அறிஞர்களிடம் விடை உண்டு. தயம்மும் நீருக்கு மாற்றாக இறைவன் அளித்த முழுத் தூய்மை; அதனைச் செய்தவரிடம் தொடக்கு எஞ்சி நிற்பதில்லை. மஃதூரிடமோ தொடக்கு கண்ணெதிரே தொடர்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பர். இமாம் அபூஹனீபாவும் அவர் மாணவர் அபூயூசுபும் தயம்மும் செய்தவர் முன்னிற்கலாம் என்றனர். மற்றொரு மாணவரான முஹம்மது அதனையும் ஏற்கவில்லை. ஒரு பள்ளிக்குள்ளேயே ஆசிரியரும் மாணவரும் வேறுபட்டனர் என்றால், இவ்வினா எளிதானதன்று என்பது புலனாகும்.

நிற்க இயலாத இமாமைப் பற்றியும் ஒரு சொல். கி.பி. 632-இல் தம் இறுதி நோயின்போது நாயகம் (ஸல்) அவர்கள் உட்கார்ந்து தொழ, அபூபக்கர் (ரலி) அருகில் நின்று அவர்களைப் பின்பற்ற, மக்கள் நின்றே தொழுதனர். எனவே ருகூஉவும் சுஜூதும் செய்ய வல்ல இமாம், உட்கார்ந்தபடியே நிற்பவர்களுக்குத் தொழுகை நடத்தலாம் என்று அபூஹனீபாவும் ஷாபியும் கூறினர். இதில் நம் வினாவுக்கும் ஒரு பயன் உண்டு. நின்றால் கசியும், உட்கார்ந்தால் கசியாது என்னும் நிலையிலுள்ளவர் உட்கார்ந்தே தொழ வேண்டும் என்பது ஹனபிச் சட்டம். அவ்வாறு கசிவு நின்றுவிட்டால் அவர் மஃதூரே அல்லர். பஞ்சு வைத்துக் கசிவு வெளிவராமல் தடுக்க முடிந்தவரும் அவ்வாறே. கூடாது என்னும் மரபிலும் இப்படிச் சில வாயில்கள் திறந்தே இருக்கின்றன.

நம் நாட்டுப் பள்ளிகளில்

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மலாய்ச் சமுதாயம் ஷாபி மரபைப் பின்பற்றுவது. தமிழ் முஸ்லிம்களிலோ இரு மரபினரும் உளர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஷாபிகள்; உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த இராவுத்தர் குடும்பத்தினர் பெரும்பாலும் ஹனபிகள். 1801-இல் தோன்றிய பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளியையும், 1826-இல் தோன்றிய சிங்கப்பூர் ஜாமியா சூலியா பள்ளியையும் எழுப்பியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களே. இன்று ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இருவரில் ஒருவர் ஷாபியாகவும் மற்றவர் ஹனபியாகவும் இருப்பது இயல்பு. முன்னே நிற்கும் இமாம் நோயுற்றவராயின், ஒருவருக்குக் கூடும் தொழுகை மற்றவருக்குக் கூடாது போகலாம்.

அங்ஙனமாயின் யாருடைய கொள்கையை அளவுகோலாகக் கொள்வது? பின்நிற்பவரின் கொள்கையே அளவுகோல் என்பது ஷாபி, ஹனபி ஆகிய இரு மரபினரிடமும் மேலோங்கிய கருத்து. இமாமின் கொள்கையைக் கருதினால் போதும் என்று கூறிய அறிஞர்களும் உளர். மேலோங்கிய கருத்தின்படி பார்த்தால், ஷாபியான இமாம் தம் மரபில் முறையாகவே தொழுகை நடத்தினாலும், அவர் நிலையை அறிந்த ஹனபி அவரைப் பின்பற்ற இயலாது. இது இமாமின் மீது வைக்கும் குற்றச்சாட்டு ஆகாது. தம் தொழுகையைப் பற்றி ஹனபி கொண்டிருக்கும் கவலையே ஆகும். இதனை உணர்ந்தால் பள்ளியில் பூசலுக்கு இடமிராது.

இமாம் செய்யத்தக்கது யாது?

முதலாவதாக, பின்நிற்போர் அனைவரும் ஷாபிகளாக இருக்கும் பள்ளியில், மேற்கூறிய முறைப்படி தூய்மை பேணும் இமாம் அச்சமின்றி முன்னிற்கலாம். பாங்குக்குப் பின் கழுவி, புதிய பஞ்சு அல்லது உறிஞ்சும் உள்ளாடை மாற்றி, உளுச் செய்து வந்தால் போதும். ஜமாஅத்தை எதிர்நோக்கியிருக்கும் சில நிமிடங்கள் குற்றமாகா. ஜும்ஆ நாளில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. குத்பாவையும் பர்ளைப் போலக் கருதிப் பிற்கால ஷாபி நூல்கள் இத்தகைய கதீபுக்கு இரு உளுக்களை விதிக்கின்றன; குத்பாவுக்கு ஒன்று, தொழுகைக்கு ஒன்று. மிம்பரிலிருந்து இறங்கி மறுபடி உளுச் செய்துவர இயலாதெனில், குத்பாவையோ தொழுகையையோ மற்றொருவரிடம் ஒப்படைப்பது எளிய வழி.

இரண்டாவதாக, ஹனபிகள் நிற்கும் பள்ளியில் அவர் பின்வாங்கி, தகுதியுள்ள மற்றொருவரை முன்னிறுத்துவதே நேரியது. நலமுள்ளவரும் ஓதத் தெரிந்தவருமான ஒருவர் அருகில் இருக்கும்போது, கருத்து வேற்றுமையிலிருந்து விலகி நிற்பது எல்லா மரபினரும் போற்றும் பண்பு. அதனால் அவர் பள்ளியின் பணியிலிருந்தே விலக வேண்டும் என்பதில்லை. பாடம் நடத்தலாம், சிறார்க்கு ஓதிக் கொடுக்கலாம், திருமண ஒப்பந்தங்களை நடத்தி வைக்கலாம், நோயாளரைக் கண்டு ஆறுதல் கூறலாம். இவற்றுள் எதற்கும் உளு நிபந்தனை அன்று. குர்ஆனைத் தொடும் போது மட்டும் உளு வேண்டும், அதற்கும் அவருடைய சலுகை உதவும். இமாமத் என்பது ஐந்து வேளை முன்னிற்பது மட்டும் அன்று.

மூன்றாவதாக, அவர் காரணத்தை வெளியிட வேண்டிய கடமை இல்லை. இதில் முன்னோர் காட்டிய நயம் வியப்புக்குரியது. தொழுகையில் உளு முறிந்தவர் தம் மூக்கைப் பிடித்துக் கொண்டு வெளியேறட்டும் என்று ஒரு நபிமொழி கற்பிக்கிறது. காண்போர் மூக்கில் குருதி வந்தது போலும் என்று எண்ணிக் கொள்வர். அவர் நாணம் காக்கப்படும். ஒரு கணம் வெட்கப்படும் மனிதனுக்கே இத்துணைப் பரிவு காட்டிய மார்க்கம், நாள்தோறும் துன்புறும் முதியவரைச் சபையில் நிறுத்தி வினவச் சொல்லுமா? "உடல் நலமில்லை, இனி மற்றவர் நடத்தட்டும்" என்று அவர் சொன்னால் அதுவே போதும். ஏன் என்று துருவுவது நிர்வாகிகளின் கடமை அன்று.

தொழுகையின் நடுவே நலமுள்ள இமாமுக்குத் திடீரென உளு முறிந்தால், அவர் பின்னாலுள்ள ஒருவரைக் கைப்பிடித்து முன்னிறுத்திவிட்டு வெளியேறலாம். குத்துண்ட உமர் (ரலி) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்களின் கையைப் பற்றி முன்னிறுத்தியது இதற்கு வரலாற்றுச் சான்று. தொழுகை அன்று நின்றுவிடவில்லை. வேறொருவர் அதனை முடித்து வைத்தார்.

முன்னர் நடத்திய தொழுகைகளைப் பற்றி அவருக்குக் கலக்கம் இருப்பின், தாமே தீர்ப்புக் கூறிக் கொள்ளாமல் அறிஞர்களை அணுக வேண்டும். மலேசியாவில் அந்தந்த மாநில முப்தி அலுவலகமும், சிங்கப்பூரில் 1968-இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றமும் இத்தகைய வினாக்களுக்கு விடையளிக்கும் நிறுவனங்கள்.

மருத்துவமும் மார்க்கமும்

இச்சட்டத்தில் இயன்றவரை கசிவைக் குறைக்க வேண்டும் என்பதும் ஒரு பகுதி. ஆகவே மருத்துவரை நாடுவது இவ்வணக்கத்துக்கு உதவுவதே அன்றிப் புறம்பானதன்று. கசிவின் காரணம் எல்லாருக்கும் ஒன்றன்று. சிலருக்கு அடக்கும் தசை தளர்ந்து, இருமினாலோ குனிந்தாலோ சொட்டும். சிலருக்குச் சிறுநீர்ப்பை திடீரெனச் சுருங்கி, எழுந்து ஓடுவதற்குள் வெளிப்பட்டு விடும். வேறு சிலருக்குப் புராஸ்டேட் சுரப்பி வழியை அடைத்து, பை நிரம்பி வழியும். மூன்றுக்கும் மருத்துவம் வெவ்வேறு. புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் கசிவு பலருக்குச் சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. அடிவயிற்றுத் தளத்தின் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் பலருக்குப் பயன் தருகின்றது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் வெளியிட்ட இப்பயிற்சி இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. முதுமை என்றால் இப்படித்தான் என்று வாளாவிருந்து, தீரக்கூடிய நோயைச் சுமந்து திரிவோர் பலர். நாணத்தால் மருத்துவரிடம் மறைப்பது நோயை வளர்ப்பதாகவே முடியும்.

குழாய் பொருத்திப் பையில் சிறுநீர் சேரும்படி செய்யப்பட்டவரும், குடலில் அறுவை செய்து வயிற்றில் பை பொருத்தப்பட்டவரும் இதே சட்டத்தின்கீழ் வருவர் என்று தற்கால அறிஞர்கள் கூறுகின்றனர். முடிந்தால் தொழுகைக்கு முன் பையைக் காலி செய்து கொள்ள வேண்டும். முடியாவிட்டால் அப்படியே தொழலாம். மருத்துவம் கழற்றாதே என்று சொன்னதைக் கழற்ற மார்க்கம் வற்புறுத்துவதில்லை.

முடிவாக

சுருங்கக் கூறின், இடையறாத தொடக்குடையவரின் தொழுகை நான்கு மரபுகளிலும் நிறைவானது. அவர் பிறருக்கு முன்னிற்கலாம் என்கின்றன ஷாபி, மாலிக்கீ மரபுகள். நலமுள்ளவருக்கு முன்னிற்கலாகாது என்கின்றன ஹனபி, ஹன்பலீ மரபுகள். ஒரு சாரார் நோயாளரின் வணக்கத்தின் முழுமையை நோக்கினர். மறு சாரார் பின்நிற்போரின் வணக்கத்துக்குரிய பாதுகாப்பை நோக்கினர். இரண்டும் தொழுகையின்பால் கொண்ட அக்கறையே.

தொடக்கத்தில் கண்ட பெரியவருக்கு இனி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய தேவையில்லை. அவர் தொழுகை கூடுகிறது. முன்னிற்பதா, பின்வாங்குவதா என்பது அவர் பள்ளியில் நிற்போரைப் பொறுத்தது. முன்வரிசையிலிருந்து ஓரடி பின்னே வந்தால் அவர் மதிப்பு ஓர் அணுவும் குறையாது. அவர் பின்வரிசையில் வந்து நிற்கும் நாளில், இருபது ஆண்டுகள் அவர் பின்னே நின்றவர்கள் சற்று நகர்ந்து அவருக்கு இடமளித்தால், அதுவே அவர்கள் அவருக்குச் செய்யும் நன்றி.